நிற்கிறேன் என்று எழுதிய கடிதம்

எங்கள் கடையில் யாரைக் கேட்டாலும் வேலை செய்கிறேன் என்று சொல்ல மாட்டார்கள். நிற்கிறேன் என்பார்கள். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரி "எங்க வேலை?" என்று கேட்டால், "குழித்துறையில துணிக்கடையில நிக்கேன்" என்பதுதான் பதில். அதில் பொய் ஒன்றும் இல்லை. காலை ஒன்பதரைக்குக் கவுண்டருக்குப் பின்னால் போய் நின்றால் கடை அடைக்கும்வரை நின்றே ஆக வேண்டும். கடைகளில் வேலை பார்ப்பவர்கள் உட்கார வசதி செய்து தர வேண்டும் என்று சட்டம் வந்தபோது எங்கள் கடையிலும் பத்து பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கினார்கள். அன்று முதல் இன்று வரை அவற்றின் மேல் துணிக்கட்டுகள்தான் சௌகரியமாக உட்கார்ந்திருக்கின்றன.

வேறு இரண்டு விதமாக நிற்பதும் எங்களுக்கு உண்டு. "ரெண்டு நாளு நிக்கேன்க்கா, பிள்ளைக்குக் காய்ச்சல்" என்றால் அது விடுப்பு. "அவ நின்னுட்டா" என்றால் வேலையை விட்டுவிட்டாள். ஒரே சொல்லை மூன்று காரியத்துக்கு வைத்துக்கொண்டு இத்தனை வருடம் நாங்கள் ஒரு குழப்பமும் இல்லாமல் பிழைத்தோம். சொல்கிறவளின் முகத்தைப் பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும். காகிதத்துக்கு முகம் கிடையாது என்பது எனக்கு நாற்பத்தேழாவது வயதில்தான் உறைத்தது. அதற்குள் ஒரு பெண்ணின் வேலையை நான் தொலைத்திருந்தேன்.

கடையில் என் வேலை வருகைப் பதிவேடு. மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை, ஒரு மேசை, ஒரு நாற்காலி. ஐம்பத்திரண்டு பேர் காலையில் வந்து தங்கள் வரியில் ஒப்பு, அதாவது கையெழுத்து, போட வேண்டும். வராதவர்களின் கட்டத்தில் நான் சிவப்பு மையில் "நி" என்று எழுதுவேன். நின்றாள் என்பதன் சுருக்கம். எனக்கு முன்னால் இருந்தவர் எழுதியதைப் பார்த்து நானும் எழுதினேன். அவர் யாரைப் பார்த்து எழுதினாரோ.

அந்தப் பதிவேட்டில் யார் எத்தனாவது வரி என்பதுதான் எங்கள் கடையில் ஆளின் மதிப்பு. முதல் இருபது வரியில் இருப்பவர்கள் கீழ்த்தளத்தில் பட்டும் சுடிதாரும் விற்பார்கள். கிறிஸ்துமஸுக்கும் ஓணத்துக்கும் யார் முதலில் நிற்கலாம் என்பதும் வரியைப் பார்த்துத்தான். கடைசி வரிக்காரர்களுக்கு மூன்றாம் மாடி, நைட்டிப் பிரிவு, சுற்றாத மின்விசிறி.

பிரசவத்துக்கு நிற்கிற பெண்ணின் வரியை மறுமாதம் கோடு போட்டு அடித்துவிடுவோம். அவள் குழந்தை பெற்று வந்தால் கடைசி வரியில் புதிதாகப் பெயர் எழுதுவோம். யாரும் அதை அநியாயம் என்று நினைத்ததில்லை. நானும்தான். என் மகள் பிறப்பதற்கு முன் நான் ஒன்பதாம் வரி. பிறந்த பிறகு வந்தபோது நாற்பத்து நாலு. முதல் நாள் மூன்றாம் மாடியில் பால் கட்டி, ரவிக்கை நனைந்து, நைட்டிக் கட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். கோபமே வரவில்லை. திரும்ப எடுத்துக்கொண்டார்களே என்று நன்றிதான் இருந்தது. இப்போது நினைத்தால் அந்த நன்றியின் மேல்தான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

அந்தப் பெண் தேங்காய்ப்பட்டணத்திலிருந்து வருகிறவள். பதினாறாம் வரி, சுடிதார்ப் பிரிவு, ஆறு வருடம். கல்யாணமாகி ஐந்து வருடம் கழித்து வயிற்றில் தங்கியது. கல்ஃபில் இருந்த அவள் கணவனின் கம்பெனி மூடி அவன் ஊருக்கு வந்துவிட்டதால் வீட்டில் நிலையான வேலை என்றால் அவளுடையது மட்டும்தான். ஆறாம் மாதம் வரை துப்பட்டாவை அகல விரித்துப் போட்டு வயிற்றை மறைத்தாள். ஏழாம் மாதத்தில் எந்தத் துப்பட்டாவும் போதவில்லை.

எங்கள் மேனேஜர் குழித்துறைக்காரர்தான். முதலாளி திருவனந்தபுரத்தில் இருக்கிறார். வருடத்துக்கு இரண்டு முறை வருவார். ஆகவே கடைக்கு எல்லாமே மேனேஜர்தான். அவர் ஒருநாள் என் அறைக்கு வந்து, "சுடிதார்ல நிக்குத அந்தப் பிள்ளைக்க வயிறு கவுண்டர்ல முட்டுது. பாக்கக் கொள்ளாது. எப்பம் நிக்கப் போறான்னு கேளு" என்றார். சுடிதார் வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் வாயும் வயிறுமாக வருகிறவர்கள்தான். அவர்களைப் பார்க்க மட்டும் கொள்ளும், நன்றாக இருக்கும்போல.

மறுநாள் மத்தியானம் அவள் கோடு போட்ட தாளில் ஒரு கடிதம் எழுதிக்கொண்டு வந்தாள். "எனக்கு ஆறு மாதம் மகப்பேறு விடுப்பு வேண்டும்" என்று அழகாக, பள்ளிக்கூடத்து எழுத்தில்.

நான் படித்துவிட்டுச் சிரித்தேன். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

"ஏட்டி, விடுப்புன்னு எழுதினா அவருக்கு இரத்தம் கொதிக்கும். கவர்மெண்ட் ஆபீஸா இதுன்னு கேப்பாரு. நம்ம எப்பவும் சொல்லுத மாதிரி, நிக்கேன்னு எழுது மக்கா."

"அப்படி எழுதினா போதுமாக்கா?"

"பின்னே? எல்லாவளும் அப்படித்தானே."

நான் சொல்லச் சொல்ல அவள் புதிய தாளில் எழுதினாள்: "ஐயா, எனக்கு ஏழு மாதம் முடிகிறது. வருகிற ஒன்றாம் தேதி முதல் நிற்கிறேன். குழந்தைக்கு நாலு மாதம் ஆனதும் வந்து நிற்பேன்." பேச்சில் சொல்வதை எழுத்துத் தமிழாக்கி எழுத வேண்டும் என்று "நிக்கேன்" என்பதை "நிற்கிறேன்" ஆக்கியதும் நான்தான். பெரிய புலமை. பழைய தாளைக் கசக்கிக் கூடையில் போட்டேன். கடிதத்தில் அவள் ஒப்பு போட்டாள். நான் மேனேஜரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு என்னைப் பார்த்து, "கொள்ளாமே" என்றார். நல்லது என்றுதான் அதற்கு அர்த்தம். அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மூன்று வாரம் கழித்து அவள் போன் செய்தாள். பிரசவ காலத்துக்கான உதவிக்காகத் தொழிலாளர் காப்பீட்டு ஆபீசுக்குப் போயிருக்கிறாள். கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, "நீங்க போன மாசமே வேலையை விட்டுட்டதா உங்க கடையில இருந்து பதிஞ்சிருக்காங்களே" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

"அக்கா, நான் எப்பம் விட்டேன்? நீங்கதானே எழுதச் சொன்னிய?"

குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. நிஜமாகவே என்ன நடந்தது என்று தெரியாமல் கேட்ட குரல்.  போனை வைத்துவிட்டு நேரே மேனேஜரிடம் போனேன்.

"அவளே நிக்கேன்னு எழுதித் தந்திருக்காளே. அதுக்குமேல என்ன வேணும்?" என்றார்.

"சாரே, அது லீவுக்கு எழுதினதாக்கும். ஒங்களுக்குத் தெரியாதா? கீழ வந்து நிப்பேன்னும் எழுதியிருக்காளே."

"வந்து நிப்பேன்னா புதுசா வேலைக்கு வருவேன்னு அர்த்தம். அப்பம் எடம் இருந்தா பாக்கலாம். ஆறு மாசம் ஒருத்திக்க எடத்தைக் காத்துக் கெடக்க இது என்ன சர்க்கார் ஆஸ்பத்திரியா?"

அவருக்குத் தெரியும். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர், அந்தச் சொல்லோடேயே வளர்ந்தவர். தெரியாதவர் தப்பாகப் புரிந்துகொண்டால் சண்டை போடலாம். தெரிந்தவர் தெரியாததுபோல் இருந்தால் என்ன செய்வது? இன்னொன்றும் எனக்குப் புரிந்தது. வழக்கமாக இதற்கு இவ்வளவு பாடுபட மாட்டார். வரியை அடித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார். இவள் கடிதம் என்று ஒன்று எழுதியதால்தான் அதை எடுத்து ஆயுதமாக்கிக்கொண்டார். அந்த ஆயுதத்தைத் தீட்டிக் கொடுத்தது நான்.

அவள் சும்மா இருக்கவில்லை. போனில் ஒரு வக்கீலம்மா பேசிய காணொளியை இரண்டு முறை கேட்டு, கர்ப்பமாக இருக்கிறாள் என்பதற்காகவோ பிரசவ விடுப்பில் இருக்கிறாள் என்பதற்காகவோ ஒரு பெண்ணை வேலையை விட்டு நீக்கக்கூடாது என்று தெரிந்துகொண்டு, நாகர்கோவிலில் தொழிலாளர் துறை ஆபீசில் மனு கொடுத்துவிட்டாள். எட்டு மாத வயிற்றோடு, இரண்டு பஸ் மாறிப் போய். விசாரணைக்கு வரச்சொல்லிக் கடைக்குக் கடிதம் வந்தது. பதிவேடுகளோடு வர வேண்டும், பதிவேடு எழுதுகிறவரும் வர வேண்டும் என்று அதில் இருந்தது.

அன்றிலிருந்து விசாரணை நாள் வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. மேனேஜர் தினமும் ஒருமுறை என் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், எனக்கு வாய் உண்டு. அவர் மிகவும் பதமாகப் பேசினார்.

"நீ பொய் சொல்லண்டாம். அவ ஒனக்கிட்ட என்ன சொன்னான்னு கேப்பாங்க. நிக்கேன்னு சொன்னான்னு சொல்லு. அது உண்மைதானே? அவ்வளவு போதும். இந்த வருசத்துப் பதிவேடு மட்டும் எடுத்துக்கோ."

பொய் சொல்லச் சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். கிறிஸ்தவ சபையில் வளர்ந்தவள், பொய்ச்சாட்சி சொல்ல மாட்டேன் என்று நிமிர்ந்து சொல்லியிருப்பேன். அவர் என்னிடம் உண்மையைத்தான் சொல்லச் சொன்னார், அளவாக நறுக்கி. "ஒனக்க மவளுக்கு அடுத்த வருசம் காலேஜ்தானே?" என்று போகிறபோக்கில் விசாரித்துவிட்டும் போனார்.

விசாரணையன்று காலை கடை காரில் அவர் முன்சீட்டில், நான் பின்சீட்டில். மடியில் ஒரு துணிக்கடைப் பை. மேலே இந்த வருடத்துப் பதிவேடு. அதற்குக் கீழே, பழைய நியூஸ்பேப்பரில் சுற்றி, இன்னும் இரண்டு. பரணிலிருந்து முந்தின நாள் எடுத்து வைத்தேன். எதற்கு எடுத்தேன் என்று எனக்கே நிச்சயமில்லை. காட்டுவேன் என்றும் முடிவு செய்யவில்லை, காட்டமாட்டேன் என்றும் இல்லை. தக்கலை நெரிசலில் கார் நின்றபோது அவர் திரும்பிப் பார்த்து, "பை என்ன இவ்வளவு கனமா இருக்கு?" என்றார்.

"சோத்துப் பாத்திரம் சாரே" என்றேன்.

பொய்ச்சாட்சி சொல்லமாட்டேன் என்றவள் தக்கலையிலேயே முதல் பொய்யைச் சொல்லிவிட்டாள்.

அதிகாரி வேலூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்ததாம். ஐம்பது வயதிருக்கும். மேசைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் ஒரு பெஞ்சில் அவள், கணவன் வராந்தாவில். அவளுடைய கால் இரண்டும் வீங்கிச் செருப்பு வார் பதிந்திருந்தது. என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூட முயன்றாள். நான் பையின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதிகாரி கடிதத்தைச் சத்தமாகப் படித்தார். "ஒன்றாம் தேதி முதல் நிற்கிறேன்." கண்ணாடியைக் கழற்றினார். "வேலையை விட்டு நின்னுக்கறேன்னுதானேம்மா இதுக்கு அர்த்தம்?"

"இல்ல சார். லீவுக்குதான் எழுதினேன்."

"பன்னெண்டாவது படிச்சிருக்கீங்க. லீவுன்னே எழுதியிருக்கலாமே?"

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். ஒரே ஒருமுறை. பிறகு அதிகாரியைப் பார்த்துச் சொன்னாள்: "எனக்கு அப்படித்தான் எழுத வந்துது சார்."

என் பெயரை அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்கு நல்லது. சொன்னால் எனக்குக் கெடுதல் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நிறைமாத வயிற்றை வைத்துக்கொண்டு, வேலை போய் உட்கார்ந்திருக்கிறவள், வேலையில் இருக்கிற என்னைக் காப்பாற்றுகிறாள். எனக்கு முகமெல்லாம் எரிந்தது.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "இவங்க உங்ககிட்ட என்னன்னு சொன்னாங்க?"

"நிக்கேன்னு சொன்னா சார்."

அவர் எழுதினார். பேனா தாளில் ஊர்கிற சத்தம் கேட்டது. மேனேஜர் மூச்சை விட்டார். ஒரு பொய்யும் இல்லை. அவ்வளவுதான், முடிந்துவிட்டது. அதிகாரி அவளைப் பார்த்து, "எழுத்துல இப்படி இருக்கறப்ப என்னம்மா பண்றது..." என்று ஆரம்பித்தார். அவள் இரண்டு கைகளையும் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள். சரி சார், சரி சார் என்று. அந்தத் தலையாட்டல் என்னுடையது. நைட்டிக் கட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்ற நாளில் நானும் அப்படியேதான் ஆட்டினேன்.

"சார், அந்த வார்த்தை அவளுக்க வார்த்தை இல்ல" என்றேன். குரல் என்னுடையதுபோலவே இல்லை. "விடுப்பு வேணும்னுதான் முதல்ல எழுதிக் கொண்டுவந்தா. அதைக் கசக்கிப் போட்டுட்டு இப்படி எழுதுன்னு சொல்லிக் குடுத்தது நானாக்கும்."

மேனேஜர், "ஏட்டி" என்றார். இத்தனை வருடத்தில் என்னை அப்படி அழைத்ததில்லை. ஏட்டி என்பது எங்களுக்குள் செல்லமாகவும் வரும். அவர் வாயிலிருந்து வந்ததில் செல்லம் இல்லை. அதிகாரி கையை உயர்த்தி அவரை நிறுத்தினார்.

"எங்க கடையில லீவுக்கு நிக்குததுன்னுதான் பேரு சார். பதிவேட்டிலயே அப்படித்தான் இருக்கு." நியூஸ்பேப்பரைப் பிரித்தேன். அவசரத்தில் பேப்பர் கிழிந்து தரையெல்லாம் துண்டு. பழைய பதிவேட்டைப் புரட்டி, சிவப்பு "நி"க்களைக் காட்டினேன். காய்ச்சலுக்கு நின்றவர்கள், கல்யாணத்துக்கு நின்றவர்கள், மறுநாளே வந்து ஒப்பு போட்டவர்கள்.

அதிகாரியின் விரல் ஒரு வரியில் நின்றது. மூன்று மாதம், கட்டத்துக்குக் கட்டம் "நி", "நி", "நி". நாலாம் மாதத்தில் அதே வரியில் ஒப்பு. "இது யாரு? ரெண்டாம் வரி."

 பக்கத்தில் இருந்த மேனேஜரை விரலால் காட்டினேன். குடும்பத்தோடு பேச்சிப்பாறை அணை பார்க்கப் போய், பாசியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்ட வருடம் அது.

"நீங்களும் அப்ப வேலையை ராஜினாமா பண்ணிட்டீங்களா சார்?" என்று அதிகாரி கேட்டார். கிண்டலா, நிஜமாகவே கேட்கிறாரா என்று தெரியாத குரல்.

"அது... அது காலு ஒடிஞ்சுல்லா... ராஜினாமாவா? என்ன சார் பேசுதிய? மூணு மாசம் நின்னேன், பின்ன வந்துட்டேன்லா."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது.  வாழ்க்கையில் பல ஆசைகள் நிறைவேறாமல் போயிருக்கின்றன. அந்த நிமிடத்தை மட்டும் கண்ணால் பார்த்துவிட்டேன்.

அதிகாரி இன்னும் புரட்டினார். கோடு போட்டு அடித்த வரிகளை எண்ணினார். அடித்த பெயர்கள் பிறகு கடைசியில் இருப்பதையும் பார்த்தார். "இவங்க மட்டும் ஏன் கடைசிக்குப் போயிருக்காங்க?"

"அவியெல்லாம் பெத்துட்டு வந்தவிய சார்."

"ஒன்பதாம் வரியும் அடிச்சிருக்கு. இது?"

"நான்தான் சார்."

அவர் அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டினார். அது நான் போட்ட கோடு இல்லை. எனக்கு முன்னால் இருந்தவர் அடிமட்டம் வைத்து நேராகப் போட்டது. பிற்பாடு மற்றவர்களுக்கு நானும் அதே அடிமட்டத்தை வைத்துத்தான் போட்டேன். அதையும் அவரிடம் சொன்னேன். யாரும் கேட்கவில்லை, சொல்ல வேண்டும்போல் இருந்தது.

"கால் உடைஞ்சவருக்கு வரி அப்படியே இருக்கு, குழந்தை பெத்தவங்களுக்கு மட்டும் போயிடுது. இதைத்தான் சட்டம் கூடாதுங்குது" என்று சொல்லிவிட்டு, மேனேஜரிடம் ஒரே கேள்வி கேட்டார். "ராஜினாமான்னா, அதை ஏத்துக்கிட்டோம்னு இவங்களுக்கு ஒரு கடிதம் குடுத்தீங்களா?" இல்லை. ஒரு கடிதமும் இல்லை. எங்கள் கடையில் எழுதித் தருகிற பழக்கம் கிடையாது. எழுதி வாங்குகிற பழக்கம்தான்.

திரும்பி வரும்போது எனக்குக் காரில் இடம் இல்லை. பஸ்ஸில் வந்தேன். தேங்காய்ப்பட்டணத்தாளும் அவள் கணவனும் அதே பஸ்ஸில் வந்தார்கள். "ஏன்க்கா சொன்னிய?" என்று கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. "போட்டும், விடு" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் என் அறையில் நாற்காலியைக் காணவில்லை. மேசையில் வேறொருத்தியின் பை இருந்தது. "இனி மூணாம் மாடியில நிக்கணும்" என்று சொல்லி அனுப்பினார்கள். நாற்பத்தேழு வயதில், புடைத்த நரம்புக் காலோடு, மறுபடியும் நைட்டிப் பிரிவு. மின்விசிறி அன்றும் சுற்றவில்லை. யாரும் என்னோடு பேசவில்லை. பேசினால் அவர்களுக்கும் இதே கதி என்ற பயம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி? சாயங்காலம் ஆனால் வீட்டுக்குப் போய்க் காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு, தப்பு செய்துவிட்டோமா என்று யோசிப்பேன். மகளின் முகத்தைப் பார்த்தால் ஆமாம் என்று தோன்றும். அந்தப் பெண் தலையாட்டியதை நினைத்தால் இல்லை என்று தோன்றும்.

அந்த நாட்களில்தான் நானும் போனில் அந்த வக்கீலம்மாவைத் தேடிக் கேட்டேன். முழுதும் புரியவில்லை. ஆனால் அவர் திரும்பத் திரும்பச் சொன்ன ஒன்று மனதில் தங்கியது. வாயால் போ என்றால் போகாதீர்கள், எழுதிக் கேளுங்கள்.

பதினெட்டாம் நாள் உத்தரவு வந்தது. அவளை வேலையில் இருப்பவளாகவே கருத வேண்டும், விடுப்பு முடிந்ததும் அதே இடத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும், பணிக்காலம் விட்டுப்போனதாக எண்ணக்கூடாது. கீழ்த்தளத்தில் யாரோ படித்து, யாரோ படியேறி வந்து கிசுகிசுத்து எனக்குத் தெரிந்தது. அவளுக்குப் பெண் குழந்தை பிறந்து மூன்று நாள் ஆகியிருந்தது.

அரைமணி நேரத்தில் மேனேஜர் மூன்றாம் மாடிக்கு ஏறி வந்தார். முறிந்து ஒட்டிய கால் என்பதால் படியேறினால் அவருக்கு நொண்டும். வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அவர் அவர்களைப் பொருட்படுத்தவில்லை.

"திருப்தியாச்சா? நாளையில இருந்து நீ இங்க நிக்கண்டாம்."

 தைரியசாலி என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த நேரத்தில் அவர் காலில் விழுந்தாலும் விழுந்திருப்பேன், கால் அவ்வளவு தளர்ந்திருந்தது. உண்மையில் உட்கார வேண்டும்போல் இருந்தது, அவ்வளவுதான். பக்கத்தில் நைட்டிக் கட்டுக்குக் கீழே ஸ்டூல் தெரிந்தது. கட்டைத் தூக்கித் தரையில் வைத்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு அதில் உட்கார்ந்தேன். எங்கள் பக்கத்தில் உட்காருவதற்கும் இருப்பதற்கும் ஒரே சொல்தான்.

"சரி சாரே. நிக்கல்ல. இருக்கேன்."

அவருக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. புரிந்தபோது முகம் கறுத்தது.

"நிக்கண்டாம்னு சொன்னதை ஒரு தாளில எழுதி, ஒப்பு போட்டுத் தாங்க" என்றேன். "எதுக்காக நிக்கண்டாம்னும் எழுதணும். நீங்க எழுதித் தந்தா நான் எழும்புதேன்."

நைட்டி பார்த்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி கையில் இருந்ததை மடித்து வைத்துவிட்டு எங்களையே பார்த்தாள். அவர் எதுவோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் படியிறங்கிப் போனார். அந்தத் தாள் அன்று வரவில்லை. மறுநாளும் வரவில்லை. நான் தினமும் வந்து ஸ்டூலில் இருந்தேன். ஆள் வந்தால் எழுந்து துணி காட்டினேன், போனதும் இருந்தேன். ஒரு வாரத்தில் எதிர்க் கவுண்டர்க்காரியும் ஒரு கட்டை இறக்கினாள்.

நாலு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை அந்தப் பெண் படியேறி மூன்றாம் மாடிக்கு வந்தாள். மெலிந்திருந்தாள். சுடிதார்ப் பிரிவுக்குப் போகிற வழியில்லை இது. மூச்சு வாங்க என் முன்னால் வந்து நின்றாள்.

"அக்கா, பதினாறாம் வரியிலதான் ஒப்பு போட்டேன். கோடு ஒண்ணும் போடல்ல. ஆறு மாசமும் நி-ன்னு இருக்கு, அதுக்குப் பொறத்தே எனக்க ஒப்பு."

 ஒன்பதாம் வரியில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். அது எனக்குத் திரும்பி வராது. அதை நினைத்து வயிறு எரிந்தது என்பதை மறைக்க மாட்டேன். அவள் துப்பட்டாவை முன்பக்கம் இழுத்துவிட்டுக்கொண்டாள். மார்பில் பால் நனைந்து வட்டமாகத் தெரிந்தது.

பக்கத்து ஸ்டூலில் இருந்த கட்டை நான் தூக்கிக் கீழே வைத்தேன்.

"இரி மக்கா" என்றேன்.